காத்தான் நான்தான்

மண்ணச்சநல்லூர்,
4-3-1962

பினாங்கில் இருக்கும் அன்புத் தம்பி ரத்தினவேலுக்கு,

அக்கா சந்திரம்மாள் ஆசீர்வாதத்துடன் சொல்ல, பக்கத்து வீட்டு சகாயம்மாள் டீச்சர் எழுதும் கடிதம். உன் வயிற்று ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எல்லோருக்கும் நிம்மதி.

போன வாரம் எலெக்‌ஷன். அப்பா காலையிலேயே குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, நடந்தே போனார். சாவடியில் இருந்த அதிகாரி லிஸ்டைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். “நூத்தி நாலு வயசுன்னு போட்டிருக்கு. உங்க அப்பாவையே வரச்சொல்லுங்க பெரியவரே, அவருக்காக நீங்க போட முடியாது” என்றாராம்.

“எங்கப்பா தாது வருஷப் பஞ்சத்துலயே போயிட்டாருங்க. காத்தான் நான்தான்” என்றிருக்கிறார் அப்பா.

மணியக்காரர் வந்து சாட்சி சொன்ன பிறகுதான் சீட்டுக் கொடுத்தார்கள். அந்த அதிகாரி எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தாராம். அப்பா உட்காரவில்லை.

பஞ்சத்தில் வையம்பட்டியிலிருந்து பட்டினியோடு நடந்து வந்தவர். அறுபது வருஷம் அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். நம்மோடு பிறந்த நாலு பேரையும் அவரேதான் அடக்கம் செய்தார். மிச்சம் நீயும் நானும்.

அப்பாவுக்கு ஏதாவது ஆனால் தந்தி கொடு, உடனே வருகிறேன் என்று எழுதியிருந்தாய். அதை வாசித்துக் காட்டினோம். “தந்தியப் பாத்துட்டு வர்றவன்கிட்ட நான் என்னத்தப் பேசப்போறேன்? இப்பவே வரச்சொல்லு” என்றார்.

இன்னொன்று. மூச்சு வாங்குகிறதென்று திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அப்பாதான் துணைக்கு வந்தார். நெஞ்சைப் படம் பிடித்தார்கள். டாக்டர் அப்பாவைத் தனியாக அழைத்துப் பேசினார். வெளியே வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. காந்தி மார்க்கெட்டில் ஆரஞ்சு வாங்கி, பஸ்ஸில் ஒவ்வொரு சுளையாக உரித்துக் கொடுத்துக்கொண்டே வந்தார். எழுபத்தொரு வயதுக்காரிக்கு! அன்றிலிருந்து தண்ணீர்க் குடத்தை என்னைத் தொடவிடுவதில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை.

பயந்து எழுதுகிறேன் என்று நினைக்காதே. எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார். இன்னும் பத்து வருஷம் இருப்பார்.

உடம்பு தேறியதும் கப்பலுக்குச் சீட்டு வாங்கிவிடு. அப்பாவின் ஆயுசு உனக்கும் கிடைக்கட்டும். சித்திரைக்குள் வந்துவிடு ராசா. அதற்கப்புறம் என்றால் அப்பா தனியாக இருப்பார்.

உன் அக்கா,
சந்திரம்மாள்