சும்மா இருந்தவளின் ஓட்டு

தம்பிக்கு,

நான் நலம். உன் மண்டையில் மிச்சமிருக்கும் நாலு முடியும் நலமாக இருக்கட்டும்.

துணி வெட்ட அளவு வரைந்து தரும் உன் இலவச மென்பொருள் என் தையல் கடையில் ஜோராக ஓடுகிறது. அதற்கு வரும் நன்கொடையைப் பார்த்துக்கொள்ளும் ஐந்து பேர் குழுவில் என்னையும் சேர்த்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. "அக்கா, நீ ஒண்ணும் பண்ண வேணாம், சும்மா இரு, போதும்" என்றாய். இப்போதுதான் உறைக்கிறது.

குழுவுக்கு வரும் தீர்மானத்துக்கு ஏழு நாளில் பதில் சொல்லாதவர் சம்மதித்ததாக அர்த்தம் என்பது விதியாமே! எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. பழைய தீர்மானங்களையும் விடவில்லை. வருடத்துக்கு ஒன்றாக மூன்று முறை சம்மதித்திருக்கிறேன். மூன்றும் பள்ளிச் சீருடை தைக்கும் வாரத்தில் வந்தவை. அந்த வாரம் நான் போனைத் தொடமாட்டேன் என்று உனக்குத் தெரியாதா?

இந்த வருடமும் அதே வாரத்தில் ஒரு தீர்மானம்; தற்செயலாகப் போனைத் திறந்ததால் கண்ணில் பட்டது. நிதியை எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டாம், உன்னுடையது ஒன்றே போதுமாம். எதற்கடா அவசரம்? உன் வீட்டுக்காரியைக் கேட்டேன். "அவரு இப்பல்லாம் எங்கிட்ட எதுவும் சொல்றதில்ல அண்ணி" என்றவள், வராத இருமலை இருமினாள்.

நீ எதுவும் செய்துவிட்டாய் என்று சொல்லவில்லை.

இன்று ஆறாம் நாள். "வேண்டாம்" என்று போனிலேயே எல்லாருக்கும் ஓட்டு அனுப்பிவிட்டேன். ஒருவர் மறுத்தாலும் எல்லோரும் கூடிப் பேச வேண்டும் என்பதும் நீ எழுதிய விதிதான். அதற்குமுன் தனியாக என்னிடம் வந்து பேசு. சீருடை காத்திருக்கும்.

இனி சும்மா இருக்கமாட்டாத
உன் அக்கா