பெற்றோர் கையெழுத்துக்கான இடம்

மரியே வாழ்க

கல்மண்டபம், இராயபுரம்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஜானட்டுக்கு,

நீயும் மருமகனும் என் செல்லம் மெர்லினும் பெர்த்தில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று காலைப் பூசையில் கேட்டுவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். எனக்கு முழங்கால் வலி பழகிவிட்டது, ரத்த அழுத்தம் மட்டும் இந்த மாதம் மாத்திரைக்கு அடங்கவில்லை. தம்பி பிராங்கிளின் நலம் என்று எழுதக் கை வரவில்லை, முழு உடம்போடு இருக்கிறான், அதுவே பெரிது. போனில் சொல்லாமல் எதற்குக் காகிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியில், சரிம்மா அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுவாய். இதைக் கூரியரில் அனுப்புகிறேன், கடைசி வரி வரை படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

நீ போன வாரம் அனுப்பிய செய்தியைப் பல தடவை படித்தேன். மெர்லினுக்கு எட்டு வயது முடிந்தும் வாசிப்பு வரவில்லை, கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும், மாதக் கடைசிக்குள் பெற்றோர் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள், நீ போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாய். என் பிள்ளைக்கு முத்திரை குத்த இவர்கள் யார் என்று எழுதியிருக்கிறாய். அம்மா, நீங்கள் கான்வென்டில் படித்தவர்கள், எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி சனிக்கிழமைகளில் வீடியோவில் அவளுக்கும் சொல்லிக்கொடுங்கள், மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்றும் எழுதியிருக்கிறாய். ஜானட், நான் சொல்லிக்கொடுக்க மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. தம்பிக்கு நான் என்ன சொல்லிக்கொடுத்தேன் என்பது உனக்குத் தெரியாது, போன மாதம் வரை எனக்கே தெரியாது.

அவன் வேலை செய்யும் இடத்தை நீ பார்த்ததில்லை. எண்ணூர் போகிற வழியில் ரசாயனம் ஏற்றி வந்த டேங்குகளைக் கழுவிச் சுத்தம் செய்கிற யார்டு. எந்த வரிசை டேங்குகளைத் திறக்கலாம், எதில் இன்னும் விஷ வாயு நிற்கிறது என்று தினம் ஒரு தாள் வரும். காலையில் வேலைக்கு முன்னால் எல்லோரும் கூடி நிற்க, முறை வைத்து ஒருவர் அதை உரக்கப் படிக்க வேண்டும். தன் முறை வந்தால் தம்பி முந்தின நாள் சாயங்காலமே தாளைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்துவிடுவான். ஜெபமாலை முடிந்ததும் நான் படிப்பேன், அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான், மூன்றாம் தடவை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பான். வாசிப்பு மந்தம், சோம்பேறி, ஆனால் காது கூர்மை என்றுதான் நான் நினைத்திருந்தேன். பேருந்து எண்ணும் தன் பெயரும் தவிர ஒரு வரிகூட வராது என்று நினைக்கவில்லை. யார்டில் அவனுக்கு ஃபாதர் என்று பட்டப்பெயர். ஃபாதர் வந்துட்டாருப்பா, ஹெல்மெட்ட கழட்டிகினு நில்லுங்க, பூசை ஆரம்பிக்கப் போவுது என்பார்களாம். அவ்வளவு திருத்தமாகப் படிக்கிறானே என்ற மரியாதை அந்தக் கிண்டலில் இருந்தது. எனக்கும் பெருமைதான், என் உச்சரிப்பு அல்லவா.

போன மாதம் அவன் முறை வந்த ஒரு நாள், காலையில் தாளை மாற்றிவிட்டார்கள். நான் படித்துக்கொடுத்ததில் மூன்றாம் வரிசையைத் திறக்கலாம் என்று இருந்தது, புதுத் தாளில் மூன்றாம் வரிசையைத் தொடவே கூடாது. புதுத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு தம்பி முந்தின நாள் தாளை ஒப்பித்தான். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்புறம் அவனோடு வேலை செய்யும் லட்சுமணன் நாஷ்டா சாப்பிடக் கீழே விரிக்க அந்தத் தாளையே வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தவன் சாம்பார் சொட்டின இடத்தைத் துடைக்கும்போதுதான் அந்த வரியைப் பார்த்தான். அதற்குள் இரண்டு பேர் மூன்றாம் வரிசையில் ஏணி ஏறிவிட்டார்கள், ஒருவன் மூடியில் கை வைத்துவிட்டான். கை கழுவாமல் ஓடிப்போய் அவர்களை இறக்கியிருக்கிறான். திரும்பி வந்து, இன்னா ஃபாதர், பேப்பர்ல ஒண்ணு கீது நீ ஒண்ணு சொல்ற என்று கேட்டானாம். தம்பி எல்லோர் முன்னாலும், எனக்குப் படிக்க வராதுண்ணா என்று சொல்லியிருக்கிறான். முப்பத்து மூன்று வயதில் முதல் முறை. அவர்கள் சிரித்தார்களாம், விளையாடுகிறான் என்று. அவன் முகத்தைப் பார்த்த பிறகு லட்சுமணன் மட்டும், மொதல்லயே சொல்லிகினா நான் படிச்சிருப்பேனே நைனா என்றானாம். என்னிடம் அதைச் சொல்லும்போதுதான் தம்பி அழுதான்.

அன்றிலிருந்து அவனை யார்டு கேட்டில் காவலுக்கு உட்கார வைத்திருக்கிறார்கள், என்ன குறை என்று டாக்டர் சீட்டு கொண்டு வந்தால் பார்க்கலாம் என்கிறார்கள். சீட்டுக்காக நாங்கள் அலைந்ததைச் சொல்ல வேண்டும். முதலில் கண் டாக்டர், கண்ணில் குறை இல்லை என்றார். பிறகு விளம்பரத்தைப் பார்த்து ஓர் இடத்துக்குப் போனோம், தலைக்கு எண்ணெய், நாக்குக்குப் பயிற்சி, மூன்று மாதத்தில் கேரண்டி என்றார்கள், நீ எழுதிய அதே மூன்று மாதம். எழுந்து வந்துவிட்டேன். அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கி மூன்று மணி நேரம் காத்திருந்தோம். நர்ஸ் வந்து, கொழந்த எங்கம்மா என்று கேட்டாள். நான் மீசை வைத்த என் மகனைக் காட்டினேன். அவனுக்குக் காது வரை சிவந்துவிட்டது, ஆனாலும் எழுந்து போகவில்லை. இரண்டு நாள் பரிசோதித்துவிட்டு, புத்தியில் குறை ஒன்றும் இல்லை, எழுத்தையும் ஓசையையும் சேர்ப்பதில்தான் சிக்கல், இது டிஸ்லெக்சியா, பிறவியிலேயே இருப்பது என்றார்கள். பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் வடசென்னையில் இருக்கிறாரா என்று கேட்டால் அவர்களுக்கே தெரியவில்லை. கடைசியில் திருவொற்றியூரில் குணசுந்தரி என்ற சிறப்பு ஆசிரியையைக் கண்டுபிடித்தோம், மாடி வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு எடுக்கிறாள், தம்பிதான் அவளுக்கு முதல் பெரிய மாணவன். மணலில் விரலால் எழுத்தை வரைந்து ஓசையைச் சொல்ல வைக்கிறாள். முதல் நாளே என்னிடம், நீங்க வெளிய உக்காருங்கம்மா, நீங்க இருந்தா அவரு எழுத்தப் பாக்காம ஒங்க வாயையே பாத்துகினு கீறாரு என்றாள். என்னை ஒருவரும் வகுப்பிலிருந்து வெளியே அனுப்பியதில்லை. போய் மாடிப்படியில் உட்கார்ந்தேன். எவ்வளவு நாளில் வரும் என்று கேட்டதற்கு, வாக்குக் குடுக்க முடியாதும்மா, எட்டு வயசுல வந்திருந்தா வேற கத என்றாள். அந்த எட்டு வயசு என்ற சொல் அன்றிலிருந்து என் நெஞ்சை விட்டுப் போகவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பழைய பள்ளிக்கூடக் காகிதம் வேண்டும் என்றதால் உன் அப்பாவின் பெட்டியைக் கவிழ்த்தேன். தம்பி மூன்றாம் வகுப்பு படித்தபோது அவன் டீச்சர் கொடுத்தனுப்பிய படிவம் கிடைத்தது. பையனைப் பரிசோதிக்க வேண்டும், கீழே கையெழுத்திடவும் என்று இருக்கிறது. நான் போடவில்லை. என் மகனுக்குத் தேவை ஒழுக்கம் மட்டுமே என்று நல்ல ஆங்கிலத்தில் தனியாக ஒரு பதில் எழுதினேன், அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தையே மாற்றினேன். கோயில் பங்கில் நாலு பேருக்குத் தெரிந்தால் ஸ்டானிஸ்லாஸ் வீட்டுப் பையன் மக்கு என்பார்களே என்ற எண்ணம்தான், வேறு காரணம் இல்லை. பிறகு தினமும் அவனை முட்டிபோட வைத்து, ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்ய வைத்தேன். முதல் நன்மை வாங்குகிற நாளுக்கு ஞானோபதேசக் கேள்வி பதில் முழுவதையும் கடகடவென்று ஒப்பித்தான், பங்குச் சாமியாரே பாராட்டினார், நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும், நீ கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாய்.

இப்போது நான் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை மெர்லின் எனக்கு யானைக் கதைப் புத்தகத்தைப் படித்துக் காட்டினாளே, நீகூட பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டினாயே, அவள் அடுத்த பக்கத்தின் வரியைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அந்தப் பக்கத்துக்கே திருப்பினாள். இரண்டு தடவை. வரி வராத இடத்தில் புத்தகத்தைப் பார்க்கவில்லை, உன் உதட்டைப் பார்த்தாள். நீ சிரித்துக்கொண்டிருந்தாய். நான் போனை அணைத்துவிட்டேன், நெட் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொன்னேன். அன்றிலிருந்து கேட்டில் உட்கார்ந்திருக்கிற தம்பியை நினைத்தால் கூடவே அவள் முகமும் வருகிறது. எனக்கு எழுபத்தாறு வயது, நான் போன பிறகு இவனுக்குத் தாளைப் படித்துச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கே பதில் இல்லை. அவளுக்கும் அந்தக் கேள்வியை வைத்துவிட்டுப் போக என்னால் முடியாது.

அவளை அடிக்காதே, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதே, நீ கடுகடு என்று இருந்தால் அவள் இன்னும் நன்றாக ஒளிக்கக் கற்றுக்கொள்வாள். சனிக்கிழமை வழக்கம்போலக் கூப்பிடு, புத்தகம் வேண்டாம், அவள் மத்தியானம் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தைத் தம்பிக்கு முழுவதும் படித்துக் காட்டினேன், அவன் கதையை உனக்குச் சொல்லலாமா என்று கேட்டேன். சொல்லு என்றான். பிறகு, அக்காவாண்ட இதையும் எழுதும்மா, பாப்பாவ மனப்பாடம் பண்ண வெக்க வேணாம், நல்லாத்தான் பண்ணுவா, அதான் பேஜாரு என்றான்.

மாதாவின் காவல் உங்கள் மூவர் மேலும் இருக்கட்டும், மெர்லின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு. தேதி மறக்காதே, மாதக் கடைசி. தம்பியின் பழைய படிவத்தை இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன், மடிப்பில் கிழிந்திருக்கிறது, பார்த்துப் பிரி. அடியில் பெற்றோர் கையெழுத்து என்று ஒரு கோடு இருக்கும், அதன் மேல் ஒன்றும் இருக்காது. இன்று நான் அதில் போட்டால் வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. உன்னுடையதை வாங்கிக்கொள்ள அங்கே ஒருவர் காத்திருக்கிறார்.

பயத்தோடும் ஆசீரோடும்,
உன் அம்மா
ரெஜினா ஸ்டானிஸ்லாஸ்