ஆள் அனுப்பவில்லை

ஜூன் 10, செவ்வாய்
மருதம்மாளுக்கு இரண்டு விரல் நுனி போய்விட்டது. வலது கை. எங்கள் ஏஜென்சி ஆள் அனுப்பும் பிளாஸ்டிக் கம்பெனியில், அச்சு மெஷினில். கோலா கெத்தில் ஊரிலிருந்து தினமும் என் வீட்டுக்காரர் காளிதாசன் ஓட்டும் வேனில் வருபவள். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும், "நாளைக்கு வேன்ல எனக்கு இடம் வேண்டாம்கா" என்றாள். அவ்வளவுதான்.

ஜூன் 11, புதன்
கம்பெனிக்குப் போனேன். மெஷின் கதவைத் திறந்தால் அது தானாக நிற்க வேண்டும். நிற்காதபடி கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்கள் — வேலை வேகமாக ஓடட்டும் என்று. எல்லா மெஷினும் அப்படித்தான். அவிழ்க்கும்வரை ஆள் அனுப்ப மாட்டேன் என்றேன்.
"பரவால்ல லா. வேற ஏஜென்ட் இருக்காங்க" என்றார் மேனேஜர்.
உண்மைதானே. போன வருஷம் ஒரு கையுறை கம்பெனியை ஜித்ரா ஊர் ஏஜென்ட் எர்னஸ்ட் அப்படித்தான் என்னிடமிருந்து தட்டிக்கொண்டு போனான். நான் விலகினால் கம்பி அவிழுமா? வேறு ஒருத்தியின் விரல் போகும்.

ஜூன் 12, வியாழன்
வேன் போகவில்லை. இருபது பேரும் வீட்டில். மருதம்மாளின் அக்காவே போனில் திட்டினாள். "ஒருத்திக்கு அடிபட்டா எல்லார் வயித்துலயும் அடிப்பீங்களா?"

ஜூன் 13, வெள்ளி
தலைவலி. யார் போனையும் எடுக்கவில்லை.

ஜூன் 14, சனி
ஆள் சப்ளை ஏஜென்சிகளின் சங்கக் கூட்டம், அலோர் ஸ்டாரில். வருஷக்கணக்காகக் கூப்பிடுகிறார்கள். பிரியாணியும் போட்டோவும்தானே என்று இருந்துவிட்டேன். இன்று போய்ச் சங்கத்தில் சேர்ந்தேன். "போட்டிக்காரங்க முன்னாடி போய் அழப் போறியா, பிரேமா?" என்று கிளம்பும்போது கேட்டார் காளிதாசன். வேறு எங்கே போய் அழுவது?
பேசச் சொன்னார்கள். யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. "எங்க பொண்ணு ஒருத்திக்கு விரல் போச்சு. அதே மெஷினுக்கு உங்கள்ல யாராவது ஆள் அனுப்புவீங்க. அனுப்பாதீங்க." உட்கார்ந்துவிட்டேன்.
கார் நிறுத்துமிடத்தில் எர்னஸ்ட் வந்தான்.
"அக்கா, அந்தக் கம்பெனிக்காரங்க என்னைத்தான் கூப்பிட்டாங்க. திங்கட்கிழமை ஆள் வரும்னு சொல்லிட்டேன். விரல் விஷயம் எனக்குத் தெரியாது."
"இப்பத் தெரியும்ல, தம்பி."
காரில் ஏறிப் போய்விட்டான்.

ஜூன் 16, திங்கள்
அனுப்பினானா? கேட்கத் தைரியமில்லை.

ஜூன் 18, புதன்
அனுப்பவில்லையாம். யாருமே அனுப்பவில்லை. சங்கச் செயலாளர் ஷாமளா போனில் சொன்னார். என் ஆட்களில் எட்டுப் பேரை, தான் ஆள் அனுப்பும் பிஸ்கட் கம்பெனியில் போடுகிறாராம். "உங்க ஆளுங்கதான். திருப்பித் தந்துடுவேன்" என்றார். போனை வைத்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். மீதிப் பன்னிரண்டு பேருக்கு இன்னும் ஒன்றுமில்லை.

ஜூன் 29, ஞாயிறு
ஆள் கிடைக்காமல் கம்பியை அவிழ்த்துவிட்டு மேனேஜர் வரச் சொன்னார். ஒவ்வொரு மெஷினாக நானே கதவைத் திறந்து பார்த்தேன். நின்றது. நாளைக்கு ஆள் ஏற்ற, காளிதாசன் வேனுக்கு எண்ணெய் ஊற்றப் போனார்.
மருதம்மாளிடம் போய்ச் சொன்னேன். "சரிக்கா" என்றாள், கையைப் பார்க்காமல். அவளுக்கு இதில் என்ன? சொக்சோ இன்சூரன்ஸ் பணம் வரும். விரல் வராது.

ஜூலை 24, வியாழன்
காலையில் ஜித்ராவிலிருந்து ஒரு பலகை ஆலை கூப்பிட்டது. நாற்பது ஆள், உடனே, நல்ல ரேட். காளிதாசன் இரண்டாவது வேனுக்கு விசாரிக்கவே ஆரம்பித்துவிட்டார்.
மத்தியானம் எர்னஸ்ட் போன் செய்தான். "அக்கா, அந்தப் பலகை ஆலை — மரம் அறுக்கிற மெஷினுக்கு மூடியே இல்ல. நேத்து என் ஆளுங்களை வெளிய எடுத்துட்டேன். உங்களைக் கூப்பிடுவாங்க—"
"அனுப்பல, தம்பி."
"சாப்பிட்டீங்களாக்கா?" என்றான்.