ஆளுக்கு மூன்று படம்

விருத்தாசலம்,
17-2-1974, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ஆதிநாராயணனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் சௌக்கியமாக இருக்கிறோம், பிலாயில் குளிர் விட்டிருக்கும், நீயும் இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். மாதம் தொண்ணூறு ரூபாய் வாங்குகிற உன் தங்கை எப்படிக் கேமரா வைத்திருக்க முடியும் என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்விதான், பதில் எனக்குத் தெரியாது. பணம் எந்த வழியில் வந்தது என்பது தெரியும், அதைக் கீழே எழுதுகிறேன். ஆனால் அரிசி விற்கிற விலையில், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கிற காலத்தில், இப்படியொரு பொருளை நாமும் வாங்கலாம் என்று இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எப்படித் தோன்றுகிறது, தோன்றிய பிறகு எங்கிருந்து துணிவு வருகிறது என்பது விளங்கவில்லை. சிதம்பரத்தில் பி.எஸ்சி. படித்தபோது ஸ்காலர்ஷிப்பில் மிச்சம் பிடித்து நான் ஒரு பேனா வாங்கினேன், அதையும் பாடம் எழுத வேண்டும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டுதான் வாங்கினேன்.

அப்பாவுக்குப் பெண்ணாடம் சர்க்கரை மில்லில் அரவைக் காலம், காலை ஏழு மணி பஸ்ஸில் போனால் இருட்டிய பிறகுதான் வருகிறார், சட்டையெல்லாம் பாகு வாசனை. முழங்கால் வலிக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிடாமல் அலமாரியில் வைத்திருக்கிறார், நீ ஒரு வரி எழுதினால் கேட்பார். ஆண்டாளுடைய செராமிக் தொழிற்சாலையில் சூளைக்கு எண்ணெய் சரியாகக் கிடைக்காமல் வாரத்தில் இரண்டு நாள் வேலை நிற்கிறது, அவள் அந்த நாட்களில் வீட்டில் இருந்துகொண்டு என் அலமாரியை ஒழுங்கு செய்கிறேன் என்று எதையும் கண்டுபிடிக்க முடியாதபடி செய்துவிட்டாள். பி.யு.சி.யை மறுபடி எழுதச் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன், நீயும் எழுத வேண்டாம்.

நீ வெளிப்படையாக எழுதவில்லை என்றாலும் உன் சந்தேகம் புரிந்தது. யாரோ வாங்கிக் கொடுத்திருக்கிறார்களோ என்பதுதானே. இல்லை. போன வருஷம் உங்கள் உருக்காலையிலிருந்து தன் ஊருக்குத் திரும்பிய ரஷ்ய இன்ஜினியர் ஒருவரிடம் டேப் ரெக்கார்டர் வாங்கியதாக எழுதினாய், எப்படி வாங்கினாய் என்று இங்கிருந்து யாரும் கேட்கவில்லை. நான் கேட்க நினைத்தேன், அப்பா வேண்டாம் என்றார். ஆண்டாளுடைய கேமரா ஆண்டாளுடையது அல்ல. அவளும் அவளோடு பொம்மைகளுக்கு வர்ணம் எழுதுகிற கொளஞ்சி, தங்கம், ஆராயி என்ற மூன்று பெண்களும் சேர்ந்து வாங்கியது, நான்கு பங்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தனியார் பட்டறைக்குப் போய்க் கொலுப் பொம்மைகளுக்குக் கண் எழுதியிருக்கிறார்கள், நூறு பொம்மைக்கு இவ்வளவு என்று கூலி. ஓவர்டைம் என்று என்னிடம் சொன்னாள், நானும் துருவிக் கேட்கவில்லை. இப்படி இரண்டு நவராத்திரி போன பிறகு, நெய்வேலியிலிருந்து மாற்றலாகிப் போன ஓர் அதிகாரியிடம் பழைய யாஷிகா கேமராவைப் பாதி விலைக்குப் பிடித்துவிட்டார்கள். மேலிருந்து குனிந்து பார்க்கிற வகை. வாங்கியதைவிட வைத்துக் காப்பாற்றுவதுதான் செலவு, அதற்கு அவர்களே ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். ஒரு பிலிம் ரோலில் பன்னிரண்டு படம், ஆளுக்கு மூன்று. மூன்று முடிந்ததும் அடுத்தவளிடம் கொடுத்துவிட வேண்டும். நாலாவது படம் கிடையாது, ஒருத்தி பங்கில் இன்னொருத்தி கடன் வாங்குவதும் கிடையாது. ஒரு ரோல் முடிய இரண்டு மூன்று மாதம் ஆகிறது. போன தடவை ஆண்டாள் கடைசிப் படத்தை எடுக்காமல் பதினெட்டு நாள் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தாள், குனிந்து பார்ப்பாள், நிமிர்ந்துவிடுவாள். ஏன் எடுக்கவில்லை என்றால், பாக்கறதுக்குக் காசா பணமா என்கிறாள். உனக்கு வந்த நம் வீட்டுப் படம் அந்தப் பதினெட்டாம் நாள் எடுத்தது, அதைப் பத்திரமாக வை.

இதோடு முடிந்திருந்தால் ஒரு இன்லேண்ட் லெட்டரிலேயே எழுதி அனுப்பியிருப்பேன். இப்போது கேமராவால் ஒரு கல்யாணம் நிற்கும் நிலைமை வந்திருக்கிறது. கொளஞ்சியை உனக்குத் தெரியாது, ஜங்ஷன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிற சாமிதுரையின் மகள், வாய் அதிகம் பேசாதவள், நான்கு பேரில் படம் நன்றாக எடுப்பவள் அவள்தான். தை பிறந்ததும் திட்டக்குடியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள், நிலம் வைத்திருக்கிற குடும்பம், பையனின் அம்மா ராஜம்மாள் பேச்சுதான் அங்கே எல்லாம். அந்தச் சமயம் கேமரா கொளஞ்சி முறையில் இருந்தது, அவளுக்கு என்ன தோன்றியதோ, காபி கொடுத்த கையோடு ராஜம்மாளை வாசலில் நிற்க வைத்து ஒரு படம் எடுத்துவிட்டாள். அதோடு ரோல் முடிந்து, படம் கழுவி வந்ததும் திட்டக்குடிக்குக் கொடுத்தனுப்பினார்கள், அந்த அம்மாள் ஐம்பத்தைந்து வயதில் முதல்முதலாகத் தன் படத்தைப் பார்த்திருக்கிறார். நிச்சயதாம்பூலத்தன்று சபையில் எல்லோர் முன்னாலும், எங்களுக்கு நகை நட்டு ஒண்ணும் வேணாம், பொண்ணோட அந்தப் போட்டாப் பொட்டிய அனுப்பிடுங்க போதும் என்று சொல்லியிருக்கிறார். சாமிதுரை இதைவிட மலிவாக ஒரு சம்பந்தம் கிடைக்குமா என்று உடனே கையடித்துக் கொடுத்துவிட்டார். கேமரா முழுக்க மகளுடையது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார், பங்கு விஷயம் அவருக்குத் தெரியாது. கொளஞ்சி உள்ளே தட்டில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள், காதில் விழுந்தது, சபை நடுவில் கல்யாணப் பெண் வந்து பேச முடியுமா, பேசாமல் இருந்துவிட்டாள். மறுநாளும் அப்பாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. பத்து நாள் ஆகிவிட்டது.

நேற்று மற்ற மூன்று பேரும் நம் கூடத்தில் உட்கார்ந்து இதைத்தான் பேசினார்கள், நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தங்கம் சொல்கிறாள், முக்காவாசி எங்களுது, அவ பங்குக்கு அந்தத் தோல் உறையும் வாரும் வரும், அத மாட்டிக்கினு போவட்டும் என்று. ஆராயி, கீழ வுழுந்து ஒடைஞ்சிப் போச்சுன்னு சொல்லிடலாம்டி என்றாள். ஒடைஞ்சத எடுத்தாந்து காட்டுன்னு கேட்டா என்று ஆண்டாள் கேட்க, அப்ப ஒடைச்சித்தான் காட்டணும் என்று சொல்லிவிட்டு மூன்று பேரும் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று. நான் பேனாவை வைத்துவிட்டு, கொடுத்துவிடுங்கள், ஒரு விளையாட்டுச் சாமானுக்காக ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்கக் கூடாது என்றேன். ஆண்டாள் என்னைப் பார்த்தாள். அண்ணன் டேப்பு ரெக்கார்டர யாரோ கல்யாணத்துக்குக் கேட்டா குடுத்துடுன்னு எழுதுவியாம்மா என்றாள். நான் பேனாவை எடுத்துத் திருத்திய தாளையே மறுபடி திருத்தினேன். அதைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலையில் கொளஞ்சி தனியாக வந்தாள். நாளைக்கு ராஜம்மாள் கல்யாணத் தேதி பேசத் திட்டக்குடி பஸ்ஸில் வருகிறார், டீச்சர் நீங்க வந்து சொல்லுங்க, நீங்க சொன்னா கேப்பாங்க என்றாள். கேமராவைக் கொடுத்தால் இந்த மூன்று பேர் முகத்தில் விழிக்க முடியாது, கொடுக்காவிட்டால் அப்பா தலை குனிய வேண்டும், கல்யாணம் நின்றால் தனக்குப் பிறகு இரண்டு தங்கைகள் என்று மெதுவாகச் சொன்னாள், அழவில்லை. நான் வருகிறேன், ஆனால் பேச மாட்டேன், உன் பொருளைப் பற்றி நீதான் சொல்ல வேண்டும் என்றேன். ஏதோ தைரியம் சொன்ன மாதிரி தெரியும். உண்மையில் என்ன சொல்வது என்று எனக்கே தெரியாததால்தான் அப்படிச் சொன்னேன். ராஜம்மாள் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைக்கிறேன். முடிவு தெரியாமல் அனுப்பினால் நீ அங்கே வீணாகக் கவலைப்படுவாய், கடிதத்தை ஒட்டாமல் வைக்கிறேன்.

18-2-1974, திங்கட்கிழமை மாலை.

பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு போட்டுவிட்டு ஆண்டாளையும் தங்கத்தையும் கூட்டிக்கொண்டு போனேன், ஆராயிக்கு லீவு கிடைக்கவில்லை. ராஜம்மாள் பத்தரை மணிக்கு வந்தார், அரக்கு நிறத்தில் புதுப் புடவை, தலையில் கனகாம்பரம். தேதி பற்றிப் பேச்சு ஆரம்பிப்பதற்குள் கொளஞ்சி காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு நின்றபடியே, அத்தே, அந்தப் பொட்டி என்னுது இல்ல, நாலுல ஒரு பங்குதான் என்னுது என்று சொல்லிவிட்டாள். சாமிதுரை என்னாடி சொல்ற என்று எழுந்தார், துண்டு கீழே விழுந்தது, அதை எடுக்கவும் தோன்றாமல் மறுபடி உட்கார்ந்துவிட்டார். ராஜம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. மீதி மூணு பங்கு யாருது என்று கேட்டார். வாசல்படியில் நின்ற இவர்கள் இரண்டு பேரும் எங்களுதுங்க, இன்னொருத்தி வேலைக்குப் போயிருக்கா என்றார்கள். யாரு வூட்டுல இருக்குது, எத்தினி நாளைக்கு ஒருக்க முறை வருது, முறை இல்லாதவங்க என்னா பண்ணுவீங்க என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், ஆளுக்கு மூன்று படம் என்பதை ஆண்டாள் விளக்கினாள். சண்டை வராதா என்றார். ரெண்டு தரம் வந்துச்சுங்க என்றாள் தங்கம். ரெண்டே தரமா, எங்க வூட்டுல இருக்கற ரெண்டு மருமவளுங்களுக்கு ஒரு ஆட்டுக்கல்லுக்கே தெனம் பஞ்சாயத்து என்று சொல்லிவிட்டுத்தான் சாமிதுரையைப் பார்த்தார். ஏன் சம்பந்தி, பங்குக் கெணத்த முழுசா சீருல எழுதிட்டீங்களே, பங்காளிங்க சும்மா வுடுவாங்களா என்றார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர்கள் நிலத்தில் நான்கு பங்காளிகளுக்குப் பொதுவாக ஒரு கிணறு இருக்கிறதாம், ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து இறைக்கிற தண்ணீர்தான். எங்களுக்குப் பத்து நாள் தலை போகிற காரியமாக இருந்தது அவருக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். சாமிதுரை தயங்கித் தயங்கி, அப்ப இவ பங்க வித்து வேற எதுனா செஞ்சிடட்டுமா என்றார். பங்க எதுக்கு விக்கணும், எம் மருமவ பங்கு அவளுக்கு இருக்கட்டும் என்றார் ராஜம்மாள். அப்படியானால் கேமரா திட்டக்குடிக்கும் இங்குமாக பஸ்ஸில் போய் வர வேண்டுமா என்று ஆண்டாள் கேட்டாள், உடைந்துபோகும் என்ற பயம் அவளுக்கு. கெணறு எங்கனா பங்காளி வூட்டுக்கு வருமா, பங்காளிதான் கெணத்துக்குப் போவணும், முறை வந்தா எழுதிப் போடுங்க, அவ இங்க வந்து மூணு படம் புடிச்சிட்டு வரட்டும் என்று முடித்துவிட்டார். கொளஞ்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். ரோலுக்கு ஒரு முறை பிறந்த வீட்டுக்கு வருவதற்கு மாமியார் வாயாலேயே உத்தரவு, எந்தப் பெண்ணுக்கு இது கிடைக்கும். ஒரு குழந்தை பிறக்கிற வரைக்கும் அனுப்புவார்கள் என்பது என் கணக்கு, அதற்கு மேல் தெரியாது. பொட்டிக்குப் பதிலாக ஒரு பித்தளை அண்டா வைத்துவிடுங்கள் என்றும் போகிற போக்கில் சொன்னார், சாமிதுரை அதற்கு அலைய வேண்டியிருக்கும். கல்யாணம் வைகாசியில், தேதி குறித்தாயிற்று.

சாப்பாடு முடிந்ததும் ராஜம்மாள் இப்ப யாரு முறை என்று கேட்டார். ஆராயி முறை என்றார்கள். புதுப் புடவை எதற்கு என்று எங்கள் எல்லோருக்கும் அப்போதுதான் உறைத்தது. ஆண்டாளுக்கே மனசு கேட்கவில்லை, ஆராயி வூட்டுலேருந்து பொட்டிய எடுத்தாந்து, எனக்கு வரப்போற மூணுல ஒண்ண இப்பவே எடுத்துடறேங்க, ஆராயி ஒண்ணும் சொல்ல மாட்டா என்றாள். ஐயோ வேணாம்மா, அடுத்தவங்க முறையில மோட்டாரு போட்டா வெட்டுக்குத்தாயிடும் என்று சொல்லிவிட்டு, கொசுவத்தை ஒரு தரம் சரிசெய்துகொண்டு, இரண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

நீ கேட்டதற்கு இவ்வளவுதான் எனக்குத் தெரியும், மிச்சத்தை ஆண்டாளுக்கே நேராக எழுதிக் கேள், சந்தேகப்படுகிற மாதிரி எழுதாதே. வைகாசியில் லீவு கிடைத்தால் கொளஞ்சி கல்யாணத்துக்கு வந்துவிட்டுப் போகலாம், கோடை விடுமுறைக் கூட்டம் இருக்கும், ரயிலில் இடத்துக்கு முன்பே சொல்லி வை. அப்பாவுக்கு மாத்திரை விஷயம் எழுத மறக்காதே. வேளைக்குச் சாப்பிட்டு நோய் நொடி இல்லாமல் நல்லபடி இருக்க வேண்டும் என்று நம் ஊர்ச் சாமி கொளஞ்சியப்பரை வேண்டிக்கொள்கிறேன்.

உன் அன்புள்ள அம்மா,
விருத்தாம்பாள்.