நகர்ந்த மணல்திட்டு

4-2-1974
திருவொற்றியூர்க் கடலில் காலையிலிருந்து அளவு. படகின் அடியில் இருக்கும் கருவி டக் டக் என்று சத்தத்தைக் கீழே அனுப்பும். தரையில் பட்டுத் திரும்புவது காகிதத்தில் கோடாக விழும். கடலடியில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தெரிந்துவிடும். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. என் வயிற்றைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆளில்லை. இரண்டு முறை வாந்தி. இத்தனை வருட சர்வீஸில் கடலுக்கு நான் பழகவே இல்லை.

6-2-1974
கரையில் போன வருடம் நட்ட மூன்று கொடிக்கம்பங்களைப் பார்த்துத்தான் படகு நிற்கும் இடத்தைக் கணக்கிடுகிறோம். "அமெரிக்காக்காரன் இதுக்கு வானத்துல செயற்கைக்கோள் விட்டிருக்கான், பாஸ்கல்" என்றார் அதிகாரி குணசேகரன். அவனிடம் செயற்கைக்கோள். நம்மிடம் மூங்கில்.

11-2-1974
போன வருட வரைபடத்தின்மேல் புதியதை வைத்துப் பார்த்தோம். கடலடி மணல்திட்டு மொத்தமாக எண்பது அடி கரையை விட்டு விலகிப் போயிருக்கிறது! துறைமுகச் சேர்மன் வந்தால்கூட மெதுவாக எழும் குணசேகரன் சார் துள்ளி எழுந்தார். கடல் பின்வாங்குகிறதாம்; மீனவர் குப்பத்துக்கு முன்னால் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்ட வேண்டாம் என்று எழுதிவிட்டார். இதை டெல்லிக் கூட்டத்தில் வாசிக்கப்போகிறார். கோட்டு தைக்க அளவும் கொடுத்தாயிற்று.

18-2-1974
கொடித்துணி மாற்றக் குப்பத்துக்குப் போனேன். நம் கம்பத்தில் கயிறு கட்டிக் கருவாடு தொங்குகிறது. பக்கத்துக் குடிசை பூவம்மாவுடையது.

"யக்கா, கவர்மெண்டு கம்பத்துல கருவாடா?"

"இன்னா நைனா, நாங்க இல்லாங்காட்டி உன் கம்பமே இல்ல. மழைக்காலத்துல தண்ணி ஏறி மூணும் சாஞ்சிகினு இருந்துச்சு. தூக்கியாந்து உள்ளத் தள்ளி நட்டோம். ஒரு டேங்ஸ் கீதா உங்கிட்ட?"

முன்பு எங்கே இருந்தது என்று கேட்டேன். கை நீட்டினாள். அங்கே அலை உடைந்துகொண்டிருந்தது.

மணல் நகரவில்லை. கம்பம்தான் எண்பது அடி உள்ளே நகர்ந்திருக்கிறது. கரைதான் போய்விட்டது.

19-2-1974
சொல்லவா, வேண்டாமா? எனக்கின்னா? கோடு விழுந்துச்சு, சுருட்டிக் குடுத்தேன் — அவ்ளோதானே என் வேலை? சொன்னா அந்தாளு என்னைக் கடல்லயே எறக்கி வுட்ருவாரு. வீட்டில் மனைவி அடைக்கலமேரியிடம் சொன்னேன். "சொல்லிட்டு வந்து சோத்துல கை வெய்யி" என்றாள். மத்தி மீன் குழம்பு. வாசனை மட்டும் கிடைத்தது.

20-2-1974
சொல்லிவிட்டேன். "டெல்லியில போய் மூங்கில் நகர்ந்துச்சுன்னு வாசிக்கவா?" என்று கத்தினார். பிறகு அவரே ஜீப்பை எடுக்கச் சொன்னார். பழைய இடத்தைக் காட்டினேன். தண்ணீர் ஓரம்வரை போனார். ஓர் அலை பூட்ஸை நனைத்தது, அப்போதும் நகரவில்லை.

"எழுதினது நான். நானே அடிச்சு எழுதறேன்" என்றார்.

டெல்லி? "அங்க குளிராம்."

22-2-1974
புது அறிக்கை போனது: கல் கொட்ட வேண்டும், முன்வரிசைக் குடிசைகளை மழைக்கு முன் காலி செய்ய வேண்டும். சொன்ன அன்றே குழம்பு கிடைத்தது, ரெண்டாம் நாள் குழம்பு.

14-9-1974
முன்வரிசையில் எல்லோருக்கும் வியாசர்பாடிப் பக்கம் குடிசை மாற்று வாரிய வீடு. லாரியில் ஏறும்போது பூவம்மா என்னை வாழ்த்தவில்லை. என்ன சொன்னாள் என்பதை எழுதினால் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டியிருக்கும்.

11-11-1974
மழை. கல் பாதி தூரத்துக்குத்தான் கொட்டியிருந்தார்கள். விடிவதற்குள் முன்வரிசை முழுக்கக் கடலில் போய்விட்டது. அங்கே யாரும் இல்லை.

1-12-1974
வியாசர்பாடி போயிருந்தேன். மூன்றாவது மாடி. பூவம்மா மூச்சு வாங்கிக்கொண்டே டீ கொடுத்தாள்.

"இங்க தண்ணி வராதுல்ல, யக்கா" என்றேன் ஆறுதலாக.

"கொழாய்லகூட வர்ல, நைனா."