ஓட்டைக்குழாய் அடைபட்ட விவரம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் அண்ணன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். என்னைப் பார்த்தாலே தெரியும், போன வருஷத்துச் சட்டை எதற்கும் இப்போது பொத்தான் எட்டவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே நீ அழுதுவிடுகிறாய், விஷயம் அந்தரத்தில் நின்றுபோகிறது. அதனால்தான் குழாய்க் கடைக்கு லீவு விட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். வெளிநாட்டில் அந்த வீட்டு வேலைக்கு இன்னும் இரண்டு வருஷம் கையெழுத்துப் போடலாமா, மகளிடம் திரும்பி வந்துவிடலாமா என்று கேட்டிருந்தாயே, அதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

முதலில் நல்ல செய்தி. உன் மகளின் படுக்கை காய்ந்துவிட்டது. கை வைத்துப் பார்த்தால் அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று இருக்கிறது. அஞ்சு வயதாகியும் ராத்திரியில் நனைக்கிறாளே என்று அங்கே இருந்து கவலைப்பட்டாய். உன் அண்ணன் கை வைத்து எது நிற்காமல் போயிருக்கிறது? ஊருக்கே தண்ணீர் போகும் பெரிய குழாய் வெடித்தபோது, இன்ஜினியர்கள் வாயைப் பிளந்து நிற்க, விடியும்வரை கட்டைவிரலால் அடைத்துப் பிடித்தவன் நான். அது எங்கள் வீட்டுப் பின்பக்கக் குழாய்தான் என்பாள் உன் அண்ணி. அவளுக்குப் பெருமைப்படத் தெரியாது.

குழாய் வேலையில் முதல் பாடம் என்ன? ஒழுகும் இடத்தைத் தொடாதே, வரும் இடத்தை மூடு. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு அவளுக்குத் தண்ணீர் கிடையாது என்று சட்டம் போட்டேன். பாலும் கிடையாது, குழம்பும் கெட்டியாகத்தான். "மாமா, ஒரு வாய் மட்டும்" என்று என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு சுற்றினாள். "ஒரு வாய் உள்ள போனா ஒரு பாய் நனையும்டி" என்றேன். எதுகை எப்படி? அப்போதே சிரித்துவிட்டேன். அவள்தான் சிரிக்கவில்லை. உன்னை மாதிரியே உம்மணாமூஞ்சி.

அப்படியும் நனைத்தாள். வெட்கம் வந்தால் தானே நிற்கும் என்று ஈர விரிப்பைத் தெருப்பக்கக் கம்பியில் காயப்போட்டு, அதன் அடியிலேயே அவளைப் பள்ளி வேன் வரும்வரை நிற்க வைத்தேன். எதிர்க்கடைத் தையல்காரர் ஓட்டைக்குழாய் என்று பேர் வைத்தார். உண்மையில் வைத்தது நான், பரப்பியதுதான் அவர். வேனில் வரும் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இவளும் உடனே திரும்பிப் பார்க்கிறாள், அவ்வளவு பழகிவிட்டது.

பிறகும் ஈரம். வரும் வழியை மூடியாகிவிட்டது, பிறகு எங்கிருந்து வருகிறது? ஆராய்ந்தேன். உன் அண்ணிதான் அடுப்படியில் மறைத்து மறைத்து டம்ளர் டம்ளராகக் கொடுத்திருக்கிறாள். நான் சத்தம் போடவில்லை. அடுப்படிக் குழாயின் கைப்பிடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், குடத்தைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். அண்ணி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். வீடு நல்ல அமைதியாக இருக்கிறது. குழந்தை மட்டும், துவைத்துக் கொடியில் போட்ட தன் கவுனின் ஈர ஓரத்தை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு நின்றாள். விளையாட்டுப் புத்தி. கொடியையும் உயர்த்திக் கட்டிவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். அந்த வீட்டுப் பையனும் நனைப்பான், நீ பகலெல்லாம் வேண்டிய மட்டும் தண்ணீர் கொடுத்து, படுக்கும் முன் பாத்ரூமுக்குக் கூட்டிப்போய், நனைந்தாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் விரிப்பை மாற்றித் தட்டித் தூங்க வைப்பாய், அவளையும் அப்படியே பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணா என்று எழுதியிருந்தாய். அம்மா தாயே, அது சம்பளத்துக்குக் காட்டுகிற பாசம். இது சொந்தம். சொந்தத்தில் கண்டிப்பு இருக்கத்தான் செய்யும்.

பள்ளிக்கூடத்தில் ஒருநாள் லேசாக மயங்கி விழுந்தாள். லேசாகத்தான், நெற்றியில் ஒரு புடைப்பு. ஆஸ்பத்திரியில் நாலு டாக்டர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள், அதில் பேசியது ஒருத்தி. உடம்பில் தண்ணீரே இல்லை, மூத்திரத்தில் கிருமி சேர்ந்திருக்கிறது, போகும்போதெல்லாம் எரியுமே, குழந்தை சொல்லவே இல்லையா என்று கேட்டாள். படுக்கை நனைவது இந்த வயதில் சகஜம், தானாக நிற்கும், திட்டவும் கூடாது, தண்ணீரை நிறுத்தவும் கூடாதாம். நீ சொன்னதையே அவளும் சொல்கிறாள். நான் குழாய் சாஸ்திரத்தை விளக்கினேன். அசந்துபோய்ப் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு, "இந்தப் பொண்ணோட அம்மா எங்க இருக்காங்க?" என்று கேட்டாள். உன்னையும் தெரிந்துகொள்ள ஆசை போலிருக்கிறது. மருந்து கொடுத்தாள். அதைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டுமாம். நானா ஏமாறுவேன்? பாட்டில் பிரிக்காமல் அப்படியே இருக்கிறது.

அதன் பிறகுதான் பலன் தெரிந்தது. இப்போது அவள் படுக்கைக்கே போவதில்லை. பாத்ரூம் வாசலில் சுவரில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். யாரும் சொல்லித்தரவில்லை, தானாக வந்த பொறுப்பு. தலை சாய்ந்தால் திடுக்கென்று தானே தூக்கிக்கொள்கிறாள், அந்தக் காலத்துக் கோட்டைக் காவல்காரன் மாதிரி. பிறகு படுக்கை காயாமல் என்ன செய்யும்?

அண்ணி நேற்றுத்தான் வாய் திறந்தாள். "அவள உடனே வரச் சொல்லி எழுதுங்க. இல்லன்னா நானே போன் பண்ணிடுவேன்" என்றாள். போனும் என் பையில்தான் இருக்கிறது என்பதை மறந்துவிட்டாள், பாவம்.

நான் யார் சொல்லையும் கேட்காதவன் இல்லை. உன் மகளையே கூப்பிட்டுக் கேட்டேன், அம்மா வரட்டுமாடி என்று. என் சட்டைப் பையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள். "வேணாம் மாமா. இங்க வந்தா அம்மாவுக்குத் தாகம் எடுக்கும்."

குழந்தையே சொல்லிவிட்டது, இனி என்ன யோசனை? கையெழுத்தைப் போட்டுவிடு. அப்பாவும் இல்லாத பிள்ளை, அவளுக்கு நான் இருக்கிறேன். நீ உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே வெயில் அதிகம் என்கிறார்கள். வேலை வேலை என்று இருந்துவிடாதே, நிறையத் தண்ணீர் குடி.

தீர்க்காயுசாக இருக்க வாழ்த்தும்,
உன் அண்ணன்