நான் துடைத்த புள்ளிகள்

அகாதிர்,
நவம்பர் 9, ஞாயிறு

அன்புள்ள நுஸ்ஹாவுக்கு,

சலாம். நானும் ரீமும் இங்கே சுகம். நீயும் உன் விமானத்தின் இரண்டு எஞ்சின்களும் அங்கே சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

இந்தக் கடிதத்தோடு நீளமான ஓர் அட்டைக் குழாய் வரும். உடனே திறந்துவிடாதே. கடிதத்தைக் கடைசி வரை படித்துவிட்டுத் திற. உன் பொறுமை எனக்குத் தெரியும் என்பதால்தான் இரண்டு முனையிலும் டேப்பை ஏழு சுற்றுச் சுற்றியிருக்கிறேன். உங்கள் விமானங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளர் விடுமுறை முடிந்து புதன்கிழமை என்ஜமேனாவுக்குத் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் மூன்று வாக்கியம் பேசினால் இரண்டு வழியிலேயே தொலைந்துபோகிறது. மிஞ்சிய ஒன்றை வைத்துக்கொண்டு நீ கோபப்படுகிறாய். இந்த விஷயத்தை அப்படித் துண்டு துண்டாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. ரீமுக்கு மேல்வரிசையில் ஒரு பல் விழுந்தது. சிரித்தால் உன் சித்தப்பா மாதிரி இருக்கிறாள். பள்ளியில் அப்பா அம்மா என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டார்களாம். "எங்கம்மா ஆகாயத்துல மருந்து கொண்டுபோறா. எங்கப்பா படத்துல இருக்கிற அழுக்கைத் துடைக்கிறார்" என்றாளாம். ஆசிரியை என்னிடம் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அந்த வார்த்தை என்னை இரண்டு நாள் விடவில்லை.

உனக்குத் தெரிந்த கதைதான், நுஸ்ஹா. ஆனாலும் நான் செய்ததை என் கையாலேயே எழுதிவிடுகிறேன்.

போன வருடம் நவம்பர் மூன்றாம் தேதி, பழுதுபார்க்க வேண்டிய விமானத்தை நீ இங்கிருந்து உவர்ஸசாத்துக்குக் கொண்டுபோனாய். மேகம் தாழ்ந்திருந்ததால் பள்ளத்தாக்கை ஒட்டியே பறந்தேன் என்று சொன்னாய். விடியும் முன் விமானி இருக்கையிலிருந்து கைப்பேசியில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பினாய். "ஜவாத், இதைப் பாரு, என் வாழ்க்கையிலேயே அழகான காலை இது" என்று எழுதியிருந்தாய். நான் என்ன பதில் எழுதினேன் என்பதை மறக்க முயன்று பார்த்துவிட்டேன், முடியவில்லை. அடிவானம் சாய்ந்திருக்கிறது, கை ஆடியிருக்கிறது, கண்ணாடியில் கருவிகளின் பச்சை வெளிச்சம் விழுந்திருக்கிறது, உன் முகமும் பாதி தெரிகிறது, இருட்டெல்லாம் பொரி பொரியாகப் புள்ளி, இதை அஞ்சல் தலை அளவுக்குக்கூட அச்சடிக்க முடியாது. மனைவிக்கு அனுப்பிய பதில் அது! அச்சகத்தில் வாடிக்கையாளருக்குக்கூட நான் அவ்வளவு நீளமாக எழுதியதில்லை.

அதோடு விட்டேனா? அந்தப் படத்தை எடுத்து நிமிர்த்தி, பச்சையை நீக்கி, முகத்தை நீக்கி, புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். மூன்று நாள் மதிய இடைவேளை அதற்கே போனது. சுத்தமான நீல மலையும் ஆரஞ்சு வானமும் மிஞ்சின. பழையதை இடப்பக்கமும் புதியதை வலப்பக்கமும் வைத்து அச்சடித்து, எங்கள் திறமைக்கு மாதிரியாக அச்சகக் கூடத்துச் சுவரில் மாட்டினேன். கீழே 'முன்', 'பின்' என்று வேறு எழுதினேன்.

மார்ச்சில் என்ஜமேனாவிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது நீ அதைப் பார்த்தாய். எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே, "நல்லா சுத்தம் பண்ணியிருக்கே" என்றாய். அதற்கப்புறம் எனக்கு ஒரு படமும் வரவில்லை. எட்டு மாதமாக நீ பார்க்கும் வானம் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீ மறந்துவிட்டாய் என்று முதலில் எண்ணினேன். பிறகு, மறக்கவில்லை என்று புரிந்தது. கேட்கும் தைரியம் வரவில்லை.

இனி நடந்ததைக் கேள்.

செப்டம்பரில் லல்லா இஜ்ஜா என்று ஒரு அம்மாள் அச்சகத்துக்கு வந்தார். தாலிவீனுக்கு மேலே மலையில் குங்குமப்பூ பயிரிடும் பெண்களின் கூட்டுறவுச் சங்கத் தலைவி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். குரல் மட்டும், பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் இருப்பவரைக் கூப்பிட்டுப் பழகிய குரல். சங்கத்துக்குப் புத்தாண்டு நாட்காட்டி போட வேண்டும் என்றார். என்னிடமிருந்த குங்குமப்பூப் படங்களையெல்லாம் காட்டினேன். இதழின் நரம்புகூட எண்ணக்கூடிய படங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அழகாத்தான் இருக்கு தம்பி. ஆனா இந்தப் பூவுக்கு யாரும் முதுகு வளைச்ச மாதிரியே தெரியலையே."

பிறகு தன் கைப்பேசியில் மங்கலான ஒரு படத்தைக் காட்டி, இதைப் போட முடியுமா என்றார். எனக்குப் பிடித்தமான பாடத்தை எடுக்க வாய்ப்புக் கிடைத்தது. அவரைச் சுவருக்கு அழைத்துப் போய், எந்த மாதிரிப் படத்தை அச்சடிக்கக் கூடாது என்று உன் படத்தைக் காட்டி விளக்கினேன். அவர் என் பேச்சைக் கேட்கவே இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இடப்பக்கப் படத்துக்கு மிக அருகில் போனார்.

"இது எந்த இடம்?"

உவர்ஸசாத் போகும் வழியில் விமானத்திலிருந்து எடுத்தது என்றேன். என்றைக்கு என்று கேட்டார். கோப்பைத் திறந்து தேதியையும் நேரத்தையும் சொன்னேன். நவம்பர் மூன்று, காலை ஏழு மணி இரண்டு நிமிடம். அவர் விரலால் படத்தைத் தடவினார்.

"இந்த மலை மூக்கு எங்க மலை. இது எங்க ஆத்துப்படுகை. இந்தப் புள்ளியெல்லாம் என்னன்னு நினைச்சே?"

"அது அழுக்கு லல்லா. வெளிச்சம் போதாதப்ப படத்துல தானா விழும்."

"அழுக்கா! அட, அது நாங்கடா!"

அச்சு இயந்திரத்தைத் தாண்டி அந்தக் குரல் பின்கட்டு வரை கேட்டது. எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள்.

வெயில் ஏறினால் பூ விரிந்துவிடும், அதனால் விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பறிக்கப் போவார்களாம். அன்றைக்கு ஒரு விமானம் அவர்கள் தலைக்கு மேல் இதுவரை வராத அளவு தாழ்வாக வந்ததாம். தூடா என்று ஒருத்தி, "பூவை எண்ண ஆள் அனுப்பியிருக்காங்க, எல்லாரும் நல்லா தெரியற மாதிரி ஆட்டுங்கடி" என்று கத்தினாளாம். அத்தனை பேரும் விளக்கைக் கழற்றிக் கையில் பிடித்து ஆட்டியிருக்கிறார்கள். விமானம் போன பிறகும் சிரிப்பு அடங்கவில்லையாம்.

நுஸ்ஹா, நான் கை ஆட்டம் என்று எழுதினேனே, அந்தக் கோடுகளில் பாதி உன் கையால் வந்தவை அல்ல. அவர்கள் உனக்குக் கையசைத்தார்கள்.

லல்லா இஜ்ஜா அப்புறம் வலப்பக்கப் படத்தைப் பார்த்தார். வெறும் நீல மலையை மேலும் கீழும் தேடிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "இதுல எங்களையெல்லாம் எங்கேடா போட்டே?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் சுவரிலிருந்து அதைக் கழற்றி மேசைக்கு அடியில் வைத்தேன். இடப்பக்கப் படத்தைத்தான் நாட்காட்டியில் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அக்டோபர் முதல் வாரம் பெரிதாக ஒரு மாதிரி எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். ரீமும் கூட வந்தாள். சங்கக் கட்டடத்தில் ஐம்பத்து மூன்று பெண்கள். குங்குமப்பூப் போட்ட தேநீர், சூடான ரொட்டி, தொட்டுக்கொள்ள பாதாம் அரைத்த ஆம்லூ. படத்தை விரித்ததும் தேநீரை எல்லோரும் மறந்தார்கள். ரீம் குச்சியை வைத்துக்கொண்டு புள்ளிகளை எண்ணினாள். நாற்பத்தொன்றுதான் வந்தது. அங்கே ஆரம்பித்தது கலவரம். எல்லாவற்றிலும் நீளமான கோட்டுக்குத் தூடாவும் இத்தோ என்ற இன்னொருத்தியும் சண்டை.

"இவ்வளவு பெருசா ஆட்டினது நான்தான். என் தோள் ரெண்டு நாள் வலிச்சுது."

"உன் தோள் வலிச்சது உன் கழுதை உன்னைத் தள்ளிவிட்டதால. ஊருக்கே தெரியும்."

கடைசியில் கோடு தூடாவுக்குப் போனது. இத்தோ ஓரத்தில் தனியாக இருந்த ஒரு புள்ளியைக் காட்டி, தான் அன்றைக்கு மடை அருகே தனியாக நின்றதாகச் சொன்னாள். உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அந்த நாற்பத்தொன்றில் ஆறு ஏழு நிஜமாகவே அழுக்குதான். இத்தோவின் புள்ளியும் அதில் ஒன்று. நிறத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். அவள் அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு பக்கத்திலிருந்தவளைப் பார்த்துச் சிரித்தபோது நான் வாயை மூடிக்கொண்டு ரொட்டியைத் தின்றேன். இருபது வருடத் தொழிலில் இப்படி ஒரு பொய்க்கு உடன்பட்டது இதுதான் முதல் தடவை. வருத்தமே இல்லை.

புள்ளி கிடைக்காத பன்னிரண்டு பேர் முகம் வாடிப்போனது. லல்லா இஜ்ஜாதான் தீர்த்துவைத்தார். "நீங்க அன்னிக்கு அந்தப் பக்கத்து வயல்ல இருந்தீங்க. மலைக்குப் பின்னால இருக்கீங்க. படத்துலதான் இருக்கீங்க, தெரியல, அவ்வளவுதான்" என்றார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

அப்போது தூடா, கண்ணாடியில் பச்சை வெளிச்சத்தோடு விழுந்திருக்கும் அந்தப் பாதி முகத்தைக் காட்டி, "இது யாரு, எங்களை எட்டிப் பார்க்கறது?" என்று கேட்டாள். ரீம் என்னை முந்திக்கொண்டு, "எங்கம்மா" என்றாள். ஓட்டியது ஒரு பெண் என்று அவர்கள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் அந்த அறையில் எழுந்த குலவை இருக்கிறதே, உனக்கு என்ஜமேனா வரை கேட்டிருக்க வேண்டும். ரீம் காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அன்று முழுக்க அவள் நடையே வேறு மாதிரி இருந்தது.

அச்சக முதலாளி சி அல்லாலிடம் எளிதாக நடக்கவில்லை. மாதிரியைப் பார்த்ததும், "ஜவாத், உனக்குக் கண் போயிடுச்சா? இதுக்குக் கீழே நம்ம பேரைப் போட்டா நாளைக்கு எவன் நம்ம வாசப்படி ஏறுவான்?" என்றார். அடிவானத்தையாவது நிமிர்த்து என்றார். நிமிர்த்தினால் கீழ்வயல் சட்டத்துக்கு வெளியே போய்விடும், நாலு பெண்கள் போய்விடுவார்கள் என்றேன். பன்னிரண்டு புள்ளியை நாமே வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றும் கேட்டார். அவரை ஒரு பார்வை பார்த்தேன், அவ்வளவுதான். கடைசியில், அச்சகத்தின் பெயர் இல்லாமல் போட்டுத் தொலை என்று விட்டுவிட்டார்.

தரம் முக்கியமே இல்லை என்று நான் மாறிவிட்டதாக நினைக்காதே. உண்மையில் இவ்வளவு கவனமாக நான் எதையும் அச்சடித்ததில்லை. அவ்வளவு இருட்டில் அவ்வளவு சிறிய புள்ளிகள் மையில் மூழ்கிவிடும். இரண்டு முறை தாளை மாற்றினேன். நாலாவது மாதிரியில்தான் நாற்பத்தொன்றும் நின்றன. உன் மூக்கு நுனிக்கு மட்டும் ஒரு முழுக் காலைப்பொழுது போனது. வேலை முடிந்து, சி அல்லால் தாளை ஜன்னல் பக்கம் எடுத்துப் போய் வெகுநேரம் பார்த்தார். "பேரைப் போட்டிருக்கலாமோ" என்றார். அந்த இடத்தில் வேறு பெயர்கள் ஏறிவிட்டன என்றேன்.

ஆமாம், கீழே இரண்டு வரிசையாகப் பெயர்கள் இருக்கின்றன. ஐம்பத்து நான்கு. எல்லாருக்கும் கடைசியில் உன் பெயரைப் போடச் சொன்னது லல்லா இஜ்ஜா. தலைவி பெயருக்குப் பக்கத்தில் போடலாமா என்று நான் கேட்டேன். "வேண்டாம். அன்னிக்கு அவ எங்களுக்கு மேல இருந்தா, அது போதும்" என்று சொல்லிச் சிரித்தார். இப்போது அறுவடை நடக்கிறது. உனக்கென்று ஒரு சிமிழ் பூ தனியாக எடுத்து வைத்திருக்கிறார்களாம். நேரில் வந்து வாங்கிக்கொண்டால்தான் தருவார்களாம், என்னை நம்ப மாட்டார்களாம்.

ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடம் நீட்டச் சொல்லிக் கேட்கிறார்கள் என்று போன வாரம் சொன்னாய். "யோசி" என்று மட்டும் சொன்னேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. அங்கே மருந்துக்குக் காத்திருப்பவர்களையும் இங்கே ரீமுக்கு ஜடை பின்னத் தெரியாத என்னையும் எப்படி ஒரே தராசில் வைப்பது? நீ எப்படி முடிவு செய்தாலும் நான் உன் பக்கம்தான்.

இப்போது குழாயைத் திறக்கலாம்.

பார்த்த பிறகு ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக்குப் பறக்கும்போது, கை சும்மா இருக்கும் ஒரு நேரத்தில், முன்னால் என்ன தெரிகிறதோ அதை எடுத்து எனக்கு அனுப்பு. வெறும் புழுதி என்றாலும் சரி. சாய்ந்திருக்கட்டும், ஆடியிருக்கட்டும். கண்ணாடியில் உன் முகம் விழுந்தால், விலகிக்கொள்ளாதே.

ஏறும்போதும் இறங்கும்போதும் இறைவன் உன்னோடு இருக்கட்டும்.

உன்,
ஜவாத்